பெரிய டாக்டர் ஏன் டேப்லெட்டைத் தொடுவதில்லை?

கேள்வி இதுதான். 200 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்பவர் கேட்டிருக்கிறார். மருந்து எழுதுவது, பரிசோதனை சொல்வது, சிஸ்டர்களின் குறிப்பு எல்லாவற்றையும் டேப்லெட்டிலேயே பதியும் முறை வந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று சுற்று பயிற்சியும் கொடுத்தாகிவிட்டது. டியூட்டி டாக்டர்கள் பழகிவிட்டார்கள். மூத்த கன்சல்டன்ட்களும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களும் மட்டும் காகிதக் கேஸ் ஷீட்டை விடமாட்டேன் என்கிறார்கள். இது வயதா, பயமா, இல்லை தொழில்சார் அடையாளம் என்று மேலாண்மை வகுப்பில் சொல்கிறார்களே, அதுவா?

வயதை முதலில் தள்ளிவிடுங்கள். உங்கள் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டு அறுவை, செய்யும் மூத்த அறுவை மருத்துவர்கள் பலர், வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் படித்துத் தேறி, பேர் வாங்கிய பிறகு, திரையைப் பார்த்துக் கருவியைத் திருப்பும் வித்தையைப் புதிதாகக் கற்றவர்கள். டேப்லெட்டில் மருந்து எழுதுவதைவிட அது நூறு மடங்கு கடினம். அதை அவர்கள் தேடிப் போய், கைக்காசு செலவழித்துக் கற்றார்கள். ஆகவே, கற்க முடியாததால் மறுக்கிறார்கள் என்ற விளக்கம் நிற்காது. ஒரு கருவியைத் தேடிப் போனவர்கள் இன்னொன்றிலிருந்து ஏன் ஒதுங்குகிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. 1982-ல் ஒரு தேசியமயமான வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கடைசி ஒன்பது வருடம் பயிற்சிக் கல்லூரியில் ஊழியர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவன். பிறகு ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் ஐந்து வருடம் இருந்தேன். இரண்டு இடத்திலும் நான் பார்த்தது ஒன்றுதான். இதனால் என்ன பயன் என்ற கேள்வி மனிதருக்கு இரண்டாவதாகத்தான் வருகிறது. இதைக் கையில் எடுத்தால் நான் யாராகத் தெரிவேன் என்பது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. தொழில்சார் அடையாளம் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். அந்த முதல் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சிஸ்டம் ஸ்லோ, கண் வலிக்குது, சார்ஜ் நிக்கலை என்று வேறு ஏதாவதாகத்தான் அது வெளியே வரும்.

எங்கள் கிளையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பிறகு படித்த ஆய்வுகளைவிட அதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

காவிரிக் கரையில் ஒரு தாலுகா ஊர். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லெட்ஜர்கள். வாடிக்கையாளர் பணம் எடுக்கச் சீட்டு கொடுத்தால் பித்தளை டோக்கன் கொடுப்போம். கிளார்க் லெட்ஜரில் பதிவார், அதிகாரி கையெழுத்தை ஒப்பிட்டுப் பாஸ் செய்வார், கேஷியர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார். இருப்பு எடுக்கும் நாளில் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் வரிசையாக எழுதிக் கூட்டி, கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் ஜெனரல் லெட்ஜரோடு பொருத்திப் பார்ப்போம். பொருந்தாது. அந்த இடைவெளிக்கு டிஃபரன்ஸ் என்று பெயர். டிஃபரன்ஸ் விழுந்த இரவு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

எங்கள் ஹெட் கிளார்க்கை ஊரே கணக்கு சார் என்றுதான் கூப்பிடும். ஒரு மாதக் கடைசி இரவு, மணி ஒன்பதரை. நாங்கள் நாலு பேர் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போய் அவர் முன்னால் நின்றோம்.

"எவ்வளவு?"

"அறுபத்து மூணு ரூபா சார்."

பேனாவை மூடி வைத்தார். "ஒம்போதால வகுபடுதுல்ல? அப்போ இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கு. ஏழு வித்தியாசம் இருக்கிற ரெண்டு இலக்கம் பக்கத்துல பக்கத்துல வர்ற தொகையா பாருங்க. தொண்ணூத்தி ரெண்டு, எண்பத்தி ஒண்ணு, எழுபது. வேற எதையும் பாக்க வேண்டாம்."

இருபது நிமிடத்தில் கிடைத்தது. 1,481 ரூபாய் இருப்பை யாரோ 1,418 என்று எழுதியிருந்தார்கள். வித்தியாசம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து, இரட்டைப்படை என்றால் அதில் பாதித் தொகையைத் தேடச் சொல்வார். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டால் பிழை இரட்டிப்பாகத்தானே தெரியும்? அந்தக் கிளையில் மேனேஜர் வருவார், போவார். ஆனால் டிஃபரன்ஸ் விழுந்த இரவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் முகம் அவருடையது.

1983-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஆனது. வங்கிகளில் கணினி பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகுதான் லெட்ஜர் பதியும் கணினி இயந்திரங்கள், ஏ.எல்.பி.எம். என்று நாங்கள் சொல்வோம், கிளைகளுக்கு வரத் தொடங்கின. எங்களுக்கு 1989-ல் வந்தது. கண்ணாடி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கணக்கு சார் உள்ளே போகவே இல்லை. தெரியவில்லையோ என்று நினைத்து மேனேஜர் அவரை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார். அந்த வகுப்பில் அவர்தான் முதல். திரும்பி வந்தும் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மாலையில் அச்சாகி வரும் தாளை வாங்கி, அடிக்கோலை வைத்துப் பென்சிலால் திரும்பக் கூட்டுவார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "அது கூட்டல்ல தப்பே பண்ணாதாம் தம்பி. அப்ப டிஃபரன்ஸே விழாது. என்னைக் கூப்பிட யாருக்கு வேலை இருக்கு?"

அன்றைக்கு எனக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது. அவர் வருத்தம் புரிந்தது. ஆனால் அது இவ்வளவு துல்லியமான கணிப்பு என்று புரியவில்லை. இயந்திரம் தன் வேலையைப் பிடுங்கிவிடும் என்று அவர் பயப்படவில்லை. சம்பளம் நிச்சயம், ஓய்வு வரை ஆறேழு வருடம் பாக்கி. நூறு வேலைகளில் தொண்ணூற்றெட்டை அவரே சந்தோஷமாகத் தள்ளிவிட்டிருப்பார். மீதி இரண்டில்தான் அவர் குடியிருந்தார். இயந்திரம் நேராக அந்த இரண்டுக்குத்தான் வந்தது.

அவர் பிறகு எப்படி உள்ளே வந்தார் என்பது மேனேஜரின் சாமர்த்தியம் இல்லை, தற்செயல். பழைய லெட்ஜர் இருப்புகளை இயந்திரத்துக்கு மாற்றும்போது, வருடக்கணக்காகத் தீராமல் கிடந்த டிஃபரன்ஸ்கள் எல்லாம் எழுந்து வந்தன. வெளியிலிருந்து வந்த மென்பொருள் ஆட்களுக்கு அதில் தலைகால் புரியவில்லை. வேறு வழியின்றி மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், ஒவ்வொரு லெட்ஜராகத் தீர்த்துக் கொடுத்தார். அந்த அரையாண்டு வட்டிப் பட்டியல் அச்சாகி வந்ததும் வழக்கம்போலப் பென்சிலை எடுத்தார். சேமிப்புக் கணக்குக்கு அப்போது மாதத்தின் 10-ம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. தினசரி இருப்புக்கு வட்டி என்ற முறை 2010 ஏப்ரலில்தான் வந்தது. அந்த மென்பொருளோ 10-ம் தேதியை விட்டுவிட்டு 11-லிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 11-ம் தேதி பணம் போட்டவருக்கும் அந்த மாத வட்டி விழுந்திருந்தது. அடிக்கோலும் பென்சிலும்தான் அதைப் பிடித்தன. அதற்குப் பிறகு இயந்திர அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது. ஒவ்வொரு புதிய நிரலும் அவர் கையால் சோதித்த பிறகுதான் ஓடும். அவர் மாறிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மாறவில்லை. தவறைக் கண்டுபிடிப்பவராக இருந்தவர், அங்கும் தவறைக் கண்டுபிடிப்பவராகவே உட்கார ஓர் இடம் கிடைத்தது.

அதே இயந்திரம் இன்னொருவருக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை இயக்குபவருக்குத் தனிப்படி உண்டு. எங்கள் கிளையில் டைப்பிஸ்ட்டாக இருந்த ஓர் இளைஞர் அந்த இடத்துக்கு வந்தார். அதுவரை யாரோ எழுதிக்கொடுத்ததை அடித்துத் தருபவர். அந்த வருடம் அவர் கல்யாணப் பத்திரிகையில், பெயருக்குக் கீழே 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று அச்சாகியிருந்தது. இரவு எட்டு மணி வரை யாரும் சொல்லாமலே அந்த அறையில் இருப்பார். ஒரே கண்ணாடிக் கதவுதான். ஒருவருக்கு அது மேலே போகும் படி, மற்றவருக்குக் கீழே இறங்கும் படி.

அதிகாரிகள் கதை தனி. தொண்ணூறுகளின் பிற்பாதியில் மேனேஜர் மேசைக்கே கணினி வந்தபோது, அது மாதக்கணக்கில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. காரணம் எளிது. தட்டச்சு என்பது டைப்பிஸ்ட்டின் வேலை. அதிகாரி சொல்வார், மற்றவர் அடிப்பார். விசைப்பலகையில் கை வைத்தால் அறைக்குள் வருகிறவர் கண்ணில் தான் என்னவாகத் தெரிவோம் என்பதுதான் தயக்கம். அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்களிலும் செயலாளர்கள் வைத்திருந்த மேலதிகாரிகள் இதே காரணத்துக்காக விசைப்பலகையை ஒதுக்கியிருக்கிறார்கள். பிறகு கைப்பேசி வந்தது. அதைக் கையில் வைத்திருப்பதே அந்தஸ்து என்றானதும், அதே அதிகாரிகள் இரண்டு கட்டைவிரலாலும் அடித்துத் தள்ளினார்கள்.

இனி மருத்துவமனைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் படிக்கவேண்டியவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் வேலையிடங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் பார்லியைத்தான் நான் சொல்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு மருத்துவமனைகள் ஒரே வகை சி.டி. ஸ்கேனரை வாங்கின. பார்லி இரண்டிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து, 1986-ல் எழுதினார். ஒன்றில் ஸ்கேனில் அனுபவமுள்ள தொழில்நுட்பர்கள் புதிதாக வேலைக்கு வந்திருந்தார்கள். அங்கிருந்த கதிரியக்க மருத்துவர்கள் பலருக்கு ஸ்கேன் அவ்வளவு பழக்கமில்லை. தொழில்நுட்பர் மருத்துவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை. இருவருக்குமே அது தர்மசங்கடம். தொழில்நுட்பர்கள் பாடம் நடத்துவதுபோலத் தெரியாமல் சுற்றிவளைத்துச் சொன்னார்கள். மருத்துவர்கள் மெல்ல மெல்ல ஸ்கேன் அறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். மற்ற மருத்துவமனையில் தலைகீழ். ஸ்கேன் தெரிந்தவர்கள் மருத்துவர்கள், தொழில்நுட்பர்கள் புதியவர்கள். அங்கே மருத்துவர் கூடவே நின்று கட்டளையிட்டார், சில நேரம் இயக்குவிசையையே தன் கைக்கு வாங்கிக்கொண்டார். இயந்திரம் ஒன்றே. யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பது மாறியது, வேலை நடக்கும் விதமே இரண்டு இடத்திலும் வேறாகிவிட்டது.

உங்கள் பயிற்சி வகுப்புகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இருபத்து நாலு வயது மென்பொருள் பயிற்சியாளர் முன்னால் நிற்கிறார். முதல் வரிசையில் முப்பது வருட அனுபவமுள்ள சீஃப், அதாவது உங்கள் மூத்த கன்சல்டன்ட். பின்வரிசையில் அவருடைய டியூட்டி டாக்டர்கள். அவர் விரல் தடுமாறுவதை அவரிடம் பாடம் கேட்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகுப்பை நீங்கள் மூன்று முறை நடத்தியிருக்கிறீர்கள்.

மருத்துவர்கள் எந்தக் கருவியை ஓடிப்போய் எடுத்தார்கள் என்று பாருங்கள். 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் லானெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். 1819-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். நோயாளி தன் வாயால் சொல்வதை நம்பி மருத்துவம் செய்த காலத்தில், நோயாளிக்கே கேட்காத ஒன்று மருத்துவரின் காதுக்கு மட்டும் கேட்கத் தொடங்கியது. அந்தக் கருவி மருத்துவரை இன்னும் அதிகமாக மருத்துவராக்கியது. இன்றுவரை கழுத்தில் தொங்குகிறது. லேப்ராஸ்கோப்பியும் அப்படித்தான். கை நுணுக்கத்தைக் கூட்டிக் காட்டுகிறது.

டேப்லெட் அப்படி இல்லை. அதுவரை சீஃப் வாயால் சொல்வார், டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார். இப்போது சீஃபே எழுத வேண்டும். எங்கள் மேனேஜர் மேசைக் கணினியின் கதைதான் இது. போதாததற்கு, நோயாளியும் உறவினரும் டியூட்டி டாக்டரும் சுற்றி நிற்கும்போது 'இந்த டோஸ் அதிகம், தொடரவா?' என்று சிவப்புப் பெட்டி எழுந்து கேட்கிறது. அந்தக் கேள்வி சரியாகவே இருக்கலாம். ஆனால் அதுவரை அந்தப் படுக்கையருகே அவரை அப்படிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சைனாய் என்ற பெரிய மருத்துவமனை சுமார் 3.4 கோடி டாலர் செலவழித்து இதே மாதிரி ஒரு முறையை 2002 இறுதியில் கொண்டுவந்தது. சில நூறு மருத்துவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2003 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். அங்கே மருத்துவர்கள் சொன்ன புகார்களில் உண்மை இருந்தது. நேரம் விழுங்கியது, எச்சரிக்கைகள் ஓயாமல் வந்தன. மென்பொருளின் குறையும் மருத்துவரின் மானமும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். ஈகோ என்று நீங்கள் ஒரு வார்த்தையில் மூடிவிட்டால், எங்கள் வட்டிப் பட்டியலில் இருந்தது போன்ற பிழையை யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த அடையாளம் என்ற சொல்லை நிர்வாகங்கள் புகாரை வாயடைக்கப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம்.

மறுபக்கமும் உண்டு. நோயாளியின் உயிர் என்று வரும்போது பெருமைக்கு விட்டுக்கொடுக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 19 அம்சம், ஒரே ஒரு தாள். புது தில்லி உட்பட எட்டு நகரங்களில், எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அப்படியும் பயன்படுத்தியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அதை எளிது என்று ஒப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கே அறுவை நடந்தால் இந்தப் பட்டியல் வேண்டுமா என்று கேட்டபோது 93 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். படுக்கையில் கிடப்பவராகத் தன்னை நினைத்ததும் பதில் மாறுகிறது. உங்கள் சீஃபிடம் பேசும்போது இந்த வழியில் பேசிப் பாருங்கள். சிவப்புப் பெட்டியால் உங்கள் டியூட்டி டாக்டர்களின் எத்தனை தவறுகள் தடுக்கப்பட்டன என்று மாதாமாதம் கணக்கெடுத்து அவர் மேசையில் வையுங்கள். எந்த எச்சரிக்கை தேவை, எது வெறும் தொல்லை என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் துறைக்குக் கொடுங்கள், மருந்து ஒவ்வாமை போன்ற சிலவற்றைத் தவிர. அவர் வாயால் சொல்ல டியூட்டி டாக்டர் டேப்லெட்டில் பதிந்து, அவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும் வழி உங்கள் மென்பொருளில் இருக்கிறதா? எல்லா ஆர்டரையும் சீஃபே தட்ட வேண்டும் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தால், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

சிஸ்டர்கள் விஷயம் இதைவிட நுட்பம். நீங்கள் கேள்வியில் அவர்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் மருத்துவமனையில் ஒரு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டை மூடி வைத்துக்கொண்டே முப்பது நோயாளிகளைப் பற்றியும் சொல்வார். ஏழாம் நம்பர் ராத்திரி தூங்கலை, மக வந்துட்டுப் போனதிலிருந்து அழுதுட்டே இருக்காங்க, பிரஷர் அதனாலதான் ஏறியிருக்கு. வார்டைத் தலைக்குள் வைத்திருப்பதுதான் அவர் கௌரவம். டேப்லெட்டில் பிரஷருக்குக் கட்டம் இருந்தது, மகளுக்கு இல்லை. அதோடு எட்டு மணி மருந்தை எட்டு நாற்பதுக்குக் கொடுத்தால் நிமிடத்தோடு பதிவாகிவிடும். அந்த நாற்பது நிமிடம் பக்கத்துப் படுக்கையில் மூச்சுத் திணறியவருக்காகச் செலவானது என்பது பதிவாகாது. முதல் மாதமே யாரோ நிர்வாகத்தில் தாமதப் பட்டியல் எடுத்து விளக்கம் கேட்டார்கள். மறுநாளிலிருந்து எல்லா மருந்தும் சரியாக எட்டு மணிக்கே பதிவானது. உண்மையில் கொடுத்த நேரம் எங்கள் கையைவிட்டுப் போயிற்று. அந்தப் பட்டியல் எடுக்கும்போது நானும் குழுவில் இருந்தேன், தடுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் உறுத்துகிறது. பிறகு அந்த சிஸ்டரையே உட்கார வைத்து, டியூட்டி மாறும்போது என்ன என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு, அதற்கென்று ஒரு பக்கத்தை அவர் சொன்ன வரிசையில் செய்தோம். தாமதத்துக்குக் காரணம் எழுத ஓர் இடம் வைத்தோம். அதை வைத்து விளக்கம் கேட்பதோ தண்டிப்பதோ இல்லை என்று எழுத்தில் கொடுத்தோம். அதன்பிறகு அந்த வார்டில் காகிதம் மெல்லக் குறைந்தது. மற்ற வார்டுகளுக்கு நாங்கள் போய்ச் சொல்லவில்லை, அவர்தான் போய்ச் சொன்னார்.

எல்லோரையும் இப்படிக் கூட்டிவந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வங்கியில் ரூபாய் நோட்டைத் தொட்டே கள்ளநோட்டு சொல்லும் கேஷியர் ஒருவர், எண்ணும் இயந்திரத்தில் போட்ட நோட்டுக்கட்டைக் கையால் மறுபடி எண்ணிக்கொண்டே ஓய்வுபெற்றார். யாருக்கும் நஷ்டமில்லை. விட்டுவிட்டோம்.

உங்களுக்கு நான் சொல்வது, நான்காவது பயிற்சியை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக ஒரு வாரம், அதிகமாக மறுக்கிற சீஃபின் காலை ரவுண்ட்ஸில் ஓரமாக நில்லுங்கள். டேப்லெட்டை எடுத்துப் போகாதீர்கள். யார் சொல்கிறார், யார் எழுதுகிறார், நோயாளியின் உறவினர் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், சீஃபின் முகம் எந்தக் கேள்வியில் மலர்கிறது என்று கவனியுங்கள். இரவு டியூட்டி மாறும் நேரத்தில் ஒரு வார்டில் அரைமணி நில்லுங்கள். அப்போது எடுத்த குறிப்பையும் உங்கள் மென்பொருளின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் திரை யாருடைய பெருமைக்குரிய வேலையில் கைவைக்கிறது என்று அதில் குறியுங்கள். அந்தக் குறிப்போடு எனக்கு எழுதினால், எதை முதலில் மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.